சுவரும் பத்திரம்... அட்வான்ஸும் பத்திரம்! - குட்டீஸ் கை நிறைய விளையாட 8 கலர்ஃபுல் ஐடியாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா கிச்சனில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். ஹாலில் சத்தமே இல்லை. குழந்தை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால், ஏதோ சம்பவம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால், அவளுடைய இரண்டரை வயது மகன் சோபா மேல் ஏறி நின்று, வெள்ளைச் சுவர் முழுக்க நீல நிற ஸ்கெட்ச் பேனாவால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான்.

``என்னடா இது?'' என்று கேட்டேன்.

``மழை சித்தி'' என்றான் பெருமையாக.

அக்காவுக்கு மழை தெரியவில்லை. ஹவுஸ் ஓனர் முகம்தான் தெரிந்தது. வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்ட்டுக்கு என்று அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பாரோ என்ற கணக்கு தெரிந்தது. அன்றைக்கே ஸ்கெட்ச், கிரயான்ஸ், பெயின்ட் டப்பா எல்லாம் லாஃப்ட்டுக்குப் போய்விட்டன. அவன் அழுதான். அழுகையை நிறுத்த போன் கைக்கு வந்தது. அதன்பிறகு சுவர் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால், போனைத் திரும்ப வாங்குவதுதான் தினமும் போராட்டமாக ஆகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். (`மெஸ்-ஃப்ரீ ஆர்ட்' என்றதும், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஃப்ரீ சாப்பாடா என்று கேட்காதீர்கள். வீடு நாறாமல், சுவர் பாழாகாமல், குழந்தை கை நிறைய கலரோடும் மாவோடும் விளையாடுவதற்குத்தான் அந்தப் பெயர்!)

ஏன் கையால தொடணும்?

குழந்தைகள் உலகத்தைத் தெரிந்துகொள்வது தொட்டு, பிசைந்து, கிழித்து, முகர்ந்து, சில நேரம் வாயில் போட்டுப் பார்த்துத்தான். இதைத்தான் `சென்சரி ப்ளே' என்கிறார்கள். மாவைப் பிசையும்போதும், பேப்பரைக் கிழிக்கும்போதும், ஸ்டிக்கரை உரிக்கும்போதும் விரல்களிலுள்ள சின்னச் சின்ன தசைகள் வலுவாகின்றன. நாளைக்குப் பென்சில் பிடிப்பதற்கும், சட்டை பட்டன் போடுவதற்கும் அதே விரல்கள்தானே வேண்டும்? `வழவழன்னு இருக்கு', `ஜில்லுன்னு இருக்கு', `ஒட்டுது' போன்ற வார்த்தைகளும் அப்போதுதான் அர்த்தத்தோடு மனதில் பதிகின்றன.

போன் திரையில் இது எதுவும் இல்லை. பூவானாலும் புலியானாலும் விரலுக்குத் தெரிவது ஒரே கண்ணாடிதான். 2 வயதுக்கு முன் ஸ்கிரீன் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லா வீட்டிலும் இதைக் கறாராகப் பின்பற்ற முடிகிறதா என்பது வேறு விஷயம். ஆனால், போனை வாங்கி வைத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த `வேறு ஏதாவது' தரையைப் பாழாக்கும் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் போனே திரும்பி வருகிறது.

முதலில் எல்லை போடுங்கள்

இதற்கெல்லாம் புதிதாகப் பெரிய பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அழுக்கு எது வரைக்கும் போகலாம் என்று ஓர் எல்லை போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் நடக்கும் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. குழந்தை ஒரு சின்னப் பாயை விரித்து, அதன் மேல்தான் தன் பொருள்களை வைத்து விளையாடும். அந்தப் பாய்தான் அதன் இடம். அதையே நம் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

* பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, அதன் நடுவில் ஓரம் உயர்ந்த தாம்பாளம் அல்லது பெரிய ட்ரே வைங்க. விளையாட்டு அதற்குள்தான். சிந்தியது எல்லாம் பெட்ஷீட்டில் இருக்கும். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து, வெளியே உதறினால் வேலை முடிந்தது.
* ஈரத்துணி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். `இருடா, துணி எடுத்துட்டு வர்றேன்' என்று நீங்கள் எழுந்து போகும் அந்த அரை நிமிடத்தில்தான் எல்லா விபரீதமும் நடக்கும்.
* தரையிலோ சுவரிலோ ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப் பயன்படுத்துங்க. பெயின்டர்கள் ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்தப் பேப்பர் டேப். பிரவுன் பேக்கிங் டேப்பைச் சுவரில் ஒட்டினால், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, இனி விளையாட்டுக்கு வருவோம்.

1. பைக்குள் பெயின்ட்டிங்

நல்ல தடிமனான ஜிப்லாக் கவர் ஒன்றில் இரண்டு மூன்று கலர் பெயின்ட்டைத் தனித்தனி மூலையில் ஒவ்வொரு ஸ்பூன் விடுங்க. காற்றை வெளியேற்றி மூடி, ஜிப் பக்கத்தை டேப் போட்டு ஒட்டிடுங்க. இதை இன்னொரு ஜிப்லாக் கவருக்குள் போட்டால் டபுள் சேஃப்டி. தரையில் வைத்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ரெடி. குழந்தை மேலே விரலால் அழுத்தி, தேய்த்து, கோடு போடும். மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாவதை அதுவே கண்டுபிடிக்கும். கையில் ஒரு சொட்டுகூட ஒட்டாது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சத்தில் இன்னும் அழகு.

பெயின்ட் இல்லையா? அரிசி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி ஆறவைங்க. அதில் மஞ்சள்தூள் கலந்து பையில் நிரப்புங்க. ஒரு மூலையில் மட்டும் அரை ஸ்பூன் ஆப்ப சோடாவை லேசாகத் தண்ணீரில் குழைத்து விடுங்க. குழந்தை பிசையப் பிசைய மஞ்சள், செம்பழுப்பு நிறமாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகுமே, அதே கெமிஸ்ட்ரிதான். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் அது வேண்டாம், ஆப்ப சோடாவே போதும். மஞ்சள் கறை எளிதில் போகாது. அதனால் இந்த வேலை பைக்குள் மட்டும்தான்! கஞ்சிப் பையை அன்றைக்கே தூக்கிப் போட்டுடுங்க.

2. தண்ணி பெயின்ட்டிங்

இதைவிடச் சுத்தமான ஆர்ட் கிடையாது. ஆன்லைன் ஆர்டரில் வந்த பிரவுன் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரிங்க. ஒரு டம்ளரில் கால்வாசி தண்ணீர், ஒரு பிரஷ். தண்ணீர் பட்ட இடமெல்லாம் அட்டை கறுத்துப் படம் தெரியும். காய்ந்ததும் மறைந்துவிடும். திரும்ப வரையலாம். சிலேட்டிலும் இப்படி வரையலாம். மொட்டைமாடியில் மாலை வெயில் தணிந்தபிறகு, சிமென்ட் தரையே கேன்வாஸ்!

வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு நகரவே கூடாது. கொஞ்சம் தண்ணீர்கூட சின்னக் குழந்தைக்கு ஆபத்து. டம்ளர் போதும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதால் அட்டையிலேயே வரையட்டும்.

3. ரவைத் தட்டு

ட்ரேயில் ஒரு கலர் பேப்பரை ஒட்டி, அதன் மேல் ரவையை மெல்லிசாகப் பரப்புங்க. விரலால் கோடு இழுத்தால் ரவை விலகி அடியிலிருக்கும் கலர் தெரியும். ட்ரேயை லேசாக ஆட்டினால் மறுபடி வெள்ளைப் பலகை. புள்ளி வைத்துக் கோலம் போடலாம், வட்டம் போடலாம், ஒன்றுமே போடாமல் அளைந்துகொண்டும் இருக்கலாம்.

இணையத்தில் `சென்சரி ட்ரே' என்று காட்டுகிறார்களே, நமக்கு அது புதுசே இல்லை. விஜயதசமி அன்று தட்டில் நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து `அ' எழுத வைக்கிறோம் அல்லவா? அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். சென்னை எழும்பூரில் ராணுவ ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைப் பார்த்து அசந்துபோய், தன் பள்ளியிலும் மணல் எழுத்தைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். `மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அவர் முறை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மணல் தட்டும் கூடவே கப்பலேறிப் போனது!

ஒரு டிப்ஸ்: விளையாடிய ரவையைத் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைங்க. இல்லையென்றால் மறுநாள் காலை யாராவது உப்புமா கிண்டிவிடுவார்கள்.

4. டப்பாவுக்குள் உருளும் எலுமிச்சை

மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஒரு வெள்ளைப் பேப்பர். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சொட்டு பெயின்ட். ஓர் எலுமிச்சம்பழத்தை உள்ளே போட்டு மூடிடுங்க. `இப்போ குலுக்கு!' அவ்வளவுதான். திறந்து பார்த்தால், பழம் உருண்ட பாதையெல்லாம் ஓவியமாக இருக்கும். பாட்டு போட்டுவிட்டு ஆடிக்கொண்டே குலுக்கினால் குழந்தையின் எனர்ஜியும் கொஞ்சம் இறங்கும். கோலிக்குண்டு மட்டும் வேண்டாம், விழுங்கிவிடும் அபாயம் உண்டு.

5. ஒட்டும் சுவர்

இரண்டு நாற்காலிகளைக் கொஞ்ச இடைவெளியில் நிறுத்துங்க. அகலமான டிரான்ஸ்பரன்ட் டேப்பை, பசைப் பக்கம் குழந்தையைப் பார்த்தபடி, ஒரு நாற்காலிக் காலிலிருந்து இன்னொன்றுக்கு வரிசை வரிசையாக இழுத்து ஒட்டுங்க. சாமந்தி இதழ், வேப்பிலை, கிழித்த பேப்பர், உல்லன் நூல் என்று ஒரு கிண்ணத்தில் கொடுங்க. கோந்தே இல்லாமல் கொலாஜ் ரெடி. முடிந்ததும் அதன் மேலேயே இன்னொரு வரிசை டேப் ஒட்டினால், லேமினேட் செய்த ஓவியம் மாதிரி ஆகிவிடும். தாத்தா பாட்டிக்கு அனுப்பலாம்.

கோயில் மாலையிலிருந்து உதிர்ந்த பூ இதற்கு சூப்பர். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷச்செடி.

6. சப்பாத்தி மாவு அல்லது வேகவைத்த மாவு

சப்பாத்தி போடும்போது ஓர் உருண்டையைக் குழந்தை கையில் கொடுத்து உட்கார வைப்பது நம் அம்மாக்களின் பழைய டெக்னிக். அதுவே நல்ல சென்சரி ப்ளேதான்.

சில நாள் வைத்து விளையாட வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்க. 1 கப் மைதா, அரை கப் உப்பு, 1 கப் தண்ணீர், 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்க. பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்கி, ஆறியதும் நன்றாகப் பிசையுங்க. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். முள்கரண்டி, பாட்டில் மூடி, இடியாப்பத் தட்டு என்று எதையாவது கொடுத்தால் விதவிதமான அச்சு விழும்.

இதில் உப்பு நிறைய இருக்கிறது. எதை எடுத்தாலும் வாயில் போடும் வயது என்றால் இது வேண்டாம். பச்சை மாவையும் சாப்பிட விடக் கூடாது.

7. பாட்டில் கடல்

தவழும் குழந்தைக்கு இது பெஸ்ட். சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிக்கு ஃபுட் கலர் கலந்த தண்ணீர், மீதிக்கு சமையல் எண்ணெய். மூடியின் உள்பக்கம் ஃபெவிக்விக் விட்டு இறுக்கி, மேலே டேப்பும் சுற்றிடுங்க. பாட்டிலைச் சாய்த்தால் அலை அடிக்கும், குலுக்கினால் குமிழ் குமிழாகப் பிரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு அடுக்காக நிற்கும். கலர் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது என்பதால் இந்த மேஜிக். தினமும் கொடுப்பதற்கு முன் மூடியை ஒருமுறை திருகிப் பாருங்க.

8. பெட்டி வீடு

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால் விடாதீங்க. அதைத் தரையில் வைத்து, குழந்தையை உள்ளே உட்கார வைத்து, கிரயான்ஸைக் கையில் கொடுங்க. `இந்த வீட்டுச் சுவர்ல எங்க வேணும்னாலும் வரைஞ்சுக்கோ!' சுவரில் வரையும் ஆசை என்பது பெரிய பரப்பில், நின்றுகொண்டு, கையை முழுசாக வீசி வரையும் ஆசை. ஏ4 பேப்பரில் அந்தச் சுகம் கிடைக்காது. பெட்டியில் கிடைக்கும்.

எந்த வயசுக்கு எது?

* 6 மாதம் முதல் 1 வயது: பாட்டில் கடல், தரையில் ஒட்டிய பெயின்ட் பை.
* 1 முதல் 2 வயது: பெயின்ட் பை, தண்ணி பெயின்ட்டிங், ஒட்டும் சுவர்.
* 2 முதல் 3 வயது: எலுமிச்சை டப்பா, ரவைத் தட்டு, சப்பாத்தி மாவு, பெட்டி வீடு.
* 3 வயதுக்கு மேல்: எல்லாமே. பையில் கலர் நிரப்புவது, பூ பறித்து வருவது போன்ற தயாரிப்பு வேலையையும் அவர்களிடமே கொடுங்க.

எந்த வயதாக இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

* வாட்டர் பால்ஸ்: தண்ணீரில் போட்டால் கலர் கலராக ஊதிப் பெரிதாகுமே, அந்த ஜெல் உருண்டைகள். வீடியோக்களில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குழந்தை விழுங்கினால் வயிற்றுக்குள் போய் ஊதி, குடலை அடைத்துவிடும். ஆபரேஷன் வரைக்கும் போகலாம். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இது இருக்கவே கூடாது.
* பட்டாணி, கடலை, மணிகள்: 3 வயதுக்குக் கீழே கொடுக்காதீங்க. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். பட்டாணி ஈரத்தில் ஊறிப் பெருத்தால் எடுப்பது இன்னும் கஷ்டம். பொம்மைகளுக்கான பாதுகாப்புச் சோதனையில் சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் பொருள் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது.
* பட்டன் பேட்டரி: லைட் எரியும் பொம்மைகளின் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இருக்கிறதா என்று பாருங்க. விழுங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* பிளாஸ்டிக் கவர்: விளையாடி முடித்த ஜிப்லாக் பைகளைத் தரையில் விட்டுவைக்காதீங்க. முகத்தில் மாட்டிக்கொண்டால் மூச்சடைக்கும்.

``என்ன வரைஞ்ச?''னு கேட்காதீங்க

வரைந்தது எதுவாகவும் இல்லாமல் இருக்கலாம். சும்மா கையை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். `என்ன இது, யானையா?' என்று கேட்டால், எதையாவது `வரைந்தே' ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். `நீலக் கலர் நிறைய போட்டிருக்கியே', `அட, இந்தக் கோடு எவ்ளோ நீளம்!' என்று பார்த்ததைச் சொன்னாலே போதும். நீங்களே பிரஷ்ஷைப் பிடுங்கி, சூரியனையும் தென்னை மரத்தையும் வரைந்து காட்ட வேண்டாம்.

சில குழந்தைகளுக்கு ஈரமாக, பிசுபிசுவென்று எதைத் தொட்டாலும் பிடிக்காது. கையை உதறி அழுவார்கள். வற்புறுத்தாதீங்க. பெயின்ட் பை அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஆரம்பம். சாப்பாடு, உடை, குளியல் என்று எல்லாவற்றிலும் தொடுதல் பெரிய பிரச்னையாக இருந்தால், அடுத்த முறை குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிடுங்க.

இன்னொன்று. அரை மணி நேரம் செலவு பண்ணி செட் செய்து கொடுத்தால், 7 நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். மனசு உடைந்துவிடாதீங்க. 2 வயதில் 7 நிமிடம் ஒரே விஷயத்தில் உட்காருவது பெரிய விஷயம். அதனால்தான் இங்கே சொன்ன எதற்கும் செட் பண்ண ரொம்ப நேரம் ஆகாது. ஒரே நாளில் எட்டையும் கொடுக்காமல், ஒரு வாரத்துக்கு இரண்டு என்று சுழற்றி விடுங்க. உள்ளே எடுத்து வைத்தது பத்து நாள் கழித்து வெளியே வந்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

சுவரில் ஏற்கெனவே மழை பெய்திருந்தால்?

கிரயான் கறை என்றால், ஈரத்துணியில் கொஞ்சம் ஆப்ப சோடா தொட்டு மெதுவாகத் துடைத்துப் பாருங்க. முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்க. டிஸ்டம்பர் அடித்த சுவர் என்றால் பெயின்ட்டே கையோடு வரலாம். இனி வாங்கும்போது, தண்ணீரில் போகும் `வாஷபிள்' வகை ஸ்கெட்ச், கிரயான்ஸாகப் பார்த்து வாங்குங்க.

அக்கா வீட்டில் இப்போது சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷின் பெட்டி நிற்கிறது. உள்ளே மூன்று பக்கமும் மழை, ஒரு பக்கம் மட்டும் ஏதோ சிவப்பாக. போன வாரம் போனபோது, என்னையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னான். பாதி உடம்புதான் நுழைந்தது. போன் கேட்டு அழுவது முழுசாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால், சாயங்காலம் அக்கா சமைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் கேட்பது பெட்டியைத்தான்.

ஹால் சுவரிலுள்ள அந்தப் பழைய மழை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஸ்கெட்ச் கறை போகவில்லை. ``காலி பண்றப்போ பெயின்ட் அடிச்சுக்கலாம், விடு'' என்கிறாள் அக்கா.

என்ன, டேப்பைத் தேட ஆரம்பிச்சுட்டீங்களா?